மிஸ்ஸிக்கு வலி வந்த கிளினிக் நாள்

உக்குவளையிலிருந்து உள்ளே மூன்று மைல் கட்டை போனால், ரப்பரும் கொக்கோவும் கலந்து நிற்கிற சரிவில் எங்கள் சுகாதார நிலையம் இருந்தது. முன்னால் ஒரு கூடம், அது கிளினிக். பின்னால் ஓர் அறையும் குசினியும். அது என் வீடு. அரசாங்கக் கடிதங்களில் நான் பிரசவம் பார்க்கிற குடும்பநல மருத்துவமாது. ஊருக்கு வெறும் மிஸ்ஸி. தோட்டத்து லய வீடுகளிலும் சுற்றியிருந்த கிராமங்களிலும் எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கையில் மூன்று வருட அனுபவம், வாயில் முப்பது வருட அனுபவம். புதன்கிழமை தோறும் கர்ப்பிணித் தாய்மாரை வாங்கில் வரிசையாக உட்கார வைத்து வகுப்பெடுப்பேன். அப்பா வடக்கிலிருந்து வந்து உக்குவளை ஸ்டேஷனில் கிளாக்கராக வேலை பார்த்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தெருவில் பேசுவது மலைநாட்டுத் தமிழ்தான். ஆனால் பாடம் சொல்லும்போது மட்டும் எப்படியோ அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் என் வாயில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"மூச்சை மெல்லமா உள்ளுக்கு இழுங்கோ. இப்ப விடுங்கோ. கத்தாதேங்கோ! கத்தினால் பெலன் எல்லாம் வீணாய்ப் போயிடும்."

தாய்மார் தலையைக் குனிந்துகொண்டே கேட்பார்கள். பயபக்தி என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. வடக்கில் ஒரு சண்டை, தெற்கில் இன்னொன்று. எங்கள் பக்கத்துக்குச் சண்டை துண்டுக் காகிதமாக வரும். இருட்டோடு யாரோ கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள்: இன்று கடை திறக்கக் கூடாது, பஸ் ஓடக் கூடாது, அரசாங்கக் கந்தோர் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன நடக்கும் என்று துண்டில் எழுதியிருக்காது. எழுதத் தேவையில்லை. காலையில் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆற்றைப் பார்க்காமல் நடக்க எல்லோரும் பழகியிருந்தோம்.

அந்த வருடம்தான் நானும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஓய்வுபெற்ற அப்பாவோடு அம்மா வடக்குக்கே திரும்பிப் போயிருந்தாள். பாதை இன்று திறக்கும், நாளை மூடும். அம்மா வரவில்லை, பிள்ளைபெற்றவளுக்கென்று அவள் இடித்த சரக்குத்தூள் மட்டும் யார் யார் கைமாறியோ வந்து சேர்ந்தது. என் கணவர் நாலந்தாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். கிழமை நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவார். அடுத்த திங்கட்கிழமை மாத்தளை ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதாக ஏற்பாடு. பேறு நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை, அதாவது இரண்டு வாரம், இருந்தது.

அந்தப் புதன்கிழமை விடிந்ததும், நிலையத்தைக் கூட்டித் துடைக்கிற அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும். ஒரு சின்னத் தமிழ் வைத்திருந்தாள், அதை யாருக்கும் பயப்படாமல் பேசுவாள்.

"மிஸ்ஸி, கடையில துண்டு இருக்கு. இன்னைக்கு கிளினிக் இல்ல."

ஆனால் தாய்மாருக்கு அது எப்படித் தெரியும்? ஏழு மணிக்கெல்லாம் வரத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குறுக்குப் பாதையால் இறங்கியதால் துண்டையே பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். பதினான்கு வயிறுகளும் ஊர்வலமாகத் திரும்பிப் போனால் ரோட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்குமா?

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு எல்லோரையும் கூடத்துக்குள் தள்ளி, முன்கதவை உள்பக்கமாகப் பூட்டி, ஜன்னல்களைச் சாத்தினாள்.

"வெளிய பாத்தா பூட்டு. உள்ள கிளினிக். யாரும் பேசுறது இல்ல. பின்னேரம் ஒண்ணு ரெண்டா போறது."

பேசாமல் இருக்க வேண்டும் என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாத்திய கூடம், மங்கல் வெளிச்சம், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிற பதினான்கு கர்ப்பிணிகள். ஒருத்தி அடக்கினால் இன்னொருத்திக்குப் பீறிக்கொண்டு வரும். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, கிசுகிசுத்த குரலில் பேசிக்கொண்டே பிரசர் பார்க்க ஆரம்பித்தேன். முந்தின நாள் மாலையிலிருந்தே இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. வாங்குகளை இழுத்துப் போட்டதால் வந்த பிடிப்பு என்று முடிவுகட்டியிருந்தேன். இதையே வேறொருத்தி சொல்லியிருந்தால் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்திருப்பேன்.

கண்டுபிடித்தது ராத்தா. பக்கத்துக் கிராமத்து முஸ்லிம் பெண், நான்கு பிள்ளைகளின் தாய், ஐந்தாவதுக்கு எட்டு மாதம். இன்னும் எத்தனை பெறப் போகிறீர்கள் என்று நான் ஒவ்வொரு தடவையும் ஏசுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பொதி தொதல் இனிப்புக் கொண்டுவருவார். அன்றைக்கு வாங்கின் நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, ஒண்டு சொல்லவா? பத்து நிமிசத்துக்கு ஒருக்கா உங்கட கத நிக்கிது."

"என்ன கதை?"

"மேசையப் புடிக்கிறீங்க. கத நிக்கிது. பொறவு தொடங்கிது. நான் மூணு தரம் எண்ணிட்டன்."

நான் வாயைத் திறந்தேன், இடுப்புப் பிடிப்பைப் பற்றி விளக்க. அதற்குள் மேசையைப் பிடிக்க வேண்டி வந்தது. வலி முதுகிலிருந்து சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்து, வயிறு கல்லாக இறுகியது. அது விடுபட்டபோது காலடியில் சீமெந்துத் தரை நனைந்திருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அக்கா பின்கதவால் ஓடிப்போய் வேன் வைத்திருந்த கடைக்காரரைக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் அழாத குறையாகக் கையெடுத்துக் கும்பிட்டாராம். வேனை எடுத்தால் வேனும் இருக்காது, அவரும் இருக்க மாட்டார். அக்கா திரும்பி வரும்போது என்னை என் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். வலி நான்கு நிமிடத்துக்கு ஒன்றாகியிருந்தது.

"பேக் எங்க மிஸ்ஸி?" என்று ராத்தா கேட்டார். எட்டாம் மாதமே பிள்ளைத்துணி, சீலை, சவர்க்காரம் எல்லாம் ஒரு பேக்கில் கட்டி வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நான் தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தேன். கட்டாதவர்களை எழுப்பி நிற்க வைத்ததும் உண்டு.

"கட்டேல்லை," என்றேன்.

அறை முழுக்க ஒரு மகிழ்ச்சிப் பெருமூச்சு எழுந்தது. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உடனே அலுமாரியைத் திறந்து தேடினார்கள். என் நல்ல சேலைகளைத் தொட அவர்களுக்கு மனம் வரவில்லை. என் கணவரின் கல்யாண வேட்டியைத் தொட வந்தது. சர்ர்ரென்று கிழிந்த அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அக்கா மண்ணெண்ணெய் அடுப்பில் பெரிய பானையை வைத்து, நான் வேலைக்குக் கொண்டுபோகும் பிரசவப் பையிலிருந்த கத்தரிக்கோலையும் கட்டுநூலையும் கொதிக்கப் போட்டாள்.

இனி, பிள்ளையைக் கையில் ஏந்துவது யார்? அக்காவுக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். அதை என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். ராத்தாவுக்கு அனுபவம் இருந்தது, ஆனால் குனிய முடியவில்லை. கட்டிலடியில் மண்டியிட்டுப் பார்த்தார், வயிறு இடித்தது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் குனிந்து பார்த்தார்கள். ஏழு மாதம், ஒன்பது மாதம், இரட்டைப் பிள்ளை. ஒருத்தி மண்டியிட்டவள் எழும்ப முடியாமல் போய், இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். வலிக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"வயிறு சின்னவ யாரு?" என்று ராத்தா கேட்டார்.

எல்லோரும் ஒரு மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை, ஐந்து மாதம். நான்கு தடவை கிளினிக்குக்கு வந்தும் அவள் குரலை நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள்; ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று நானே தீர்மானித்துக் கார்ட்டில் எழுதிக்கொள்வேன்.

"இங்க வா," என்றேன். "கையை விரலிலிருந்து முழங்கை மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவு. நகத்துக்குள்ளயும்."

தலையை ஆட்டினாள். கழுவிக்கொண்டு வந்து மண்டியிட்டாள். வயிறு இடிக்கவில்லை.

அடுத்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருடம் சொல்லிக்கொடுத்த எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. கத்தினேன். அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன், கணவரைத் திட்டிக் கத்தினேன், அரசாங்கத்தையும் திட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து முன்கதவை யாரோ தட்டினார்கள்.

வெளியே இரண்டு ஆண்குரல்கள், சிங்களத்தில். பூட்டிய கட்டடத்துக்குள் என்ன சத்தம், யார் வேலை செய்கிறார்கள் என்று அதட்டுகிறார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"கிளினிக் பூட்டித்தான் இருக்கு," என்று அவள் சிங்களத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. "உள்ளே மிஸ்ஸிக்குப் பிள்ளை பிறக்கிறது. அதையும் நிறுத்தச் சொல்லி உங்கள் துண்டில் எழுதியிருக்கிறதா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன், உண்மையாகவே அடக்கினேன். ஆனால் வலி அந்தக் கணத்தில் உச்சிக்கு ஏறியது. என் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமே இல்லை. வெளியே ஏதோ தடதடவென்று விழுந்தது. பிறகு கற்களில் கால்கள் ஓடுகிற சத்தம். அக்கா திரும்பி வந்தபோது அவள் கையில் ஓர் ஒற்றை ரப்பர் செருப்பு இருந்தது.

"போயிட்டாங்க," என்றாள். "இது இருக்கு."

பயத்திலிருந்து வெளியே வந்த பெண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தார்கள், எனக்கு மூத்திரம் வருகுது என்று ஒருத்தி ஓடினாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ராத்தா என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மூச்சை மெல்லமா உள்ளுக்கு இழுங்கோ!"

என் குரல். என் ராகம். கடைசி எழுத்தை நான் இழுக்கிற இழுப்புக்கூட அப்படியே.

"இப்ப விடுங்கோ. கத்தாதேங்கோ! கத்தினால் பெலன் எல்லாம் வீணாய்ப் போயிடும்!" என்று ஒரு கூட்டமே சேர்ந்து முடித்தது.

அப்போதுதான் விளங்கியது. மாதக்கணக்காக இவர்கள் கிளினிக் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னைப் போலப் பேசிச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். குனிந்த தலைகளின் பயபக்தி அதுதான். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது சிரிப்பு. சிரிக்கச் சிரிக்க இழுத்த மூச்சு ஒழுங்காக உள்ளே போனது. கீழே ஏதோ பெரிதாக நகர்ந்து இறங்கியது. முக்க வேண்டும் என்று உடம்பே சொன்னது.

"தல தெரியுது!"

யார் குரல் இது என்று தேடினேன். கட்டிலடியிலிருந்து வந்தது. பால் வெட்டுகிற பெண்ணின் குரல். நல்ல கணீர் குரல், மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"முடி தெரியுது மிஸ்ஸி! நெறைய முடி! முக்குங்க! ம், இன்னங் கொஞ்சம்! இப்ப நிறுத்துங்க, நிறுத்துங்க, மெதுவா! நீங்கதான மெதுவான்னு சொல்லுவீங்க!"

"இழுக்காதே," என்றேன் மூச்சிரைக்க. "தலையைத் தாங்கு. கழுத்திலை கொடி சுத்தியிருக்கா பார்."

"இல்லைங்க. வெறுங் கழுத்து. தோள் வருது... வந்துருச்சு! வந்துருச்சு மிஸ்ஸி, வழுக்குதுங்க!"

"விட்டுடாதே!"

"விடமாட்டேன்!"

அவள் விடவில்லை. வேட்டித் துண்டில் ஏந்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதவு வழியாகத் தெரிந்த கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பிள்ளை அழவில்லை.

அந்தச் சில விநாடிகளில் அறையில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீலம் பாரித்த ஒரு சின்ன உருவம், அசையாமல். எத்தனையோ தடவை நான் பார்த்ததுதான், என்ன செய்வதென்று கைக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் கை எட்டவில்லை. நாக்கும் எழும்பவில்லை.

"வாயத் தொடைக்கணும்," என்றாள் அந்தப் பெண், தனக்குத் தானே. "மொதல்ல வாய், அப்புறம் மூக்கு. தொடைச்சு, ஈரத்த ஒத்தி எடுத்து, முதுகத் தேய்க்கணும். தேய்க்கணும்." பாடத்தை வரி தப்பாமல் சொல்லிக்கொண்டே செய்தாள். துடைத்தாள். முதுகை மேலும் கீழும் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள்.

ஒரு தும்மல் வந்தது. அதற்குப் பின்னால், என்னுடைய சத்தத்தையே தோற்கடிக்கிற ஓர் அலறல்.

"பொம்பளப் புள்ள!" என்று ராத்தா கத்தினார். பேசக் கூடாது என்ற சட்டத்தை அக்காவே மறந்து கைதட்டினாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

கொடியை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டச் சொன்னேன். நடுவில் வெட்ட வேண்டும். அக்கா கொதித்த கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள்.

"கை நடுங்காதா?" என்று கேட்டேன்.

"தெனம் முந்நூறு மரம் வெட்டுற கைங்க," என்று சொல்லிவிட்டு ஒரே வெட்டாக வெட்டினாள்.

பிள்ளையை என் மார்பில் போட்டார்கள். அது வாயைத் திறந்து தேடி, பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடி முழுதாக விழுந்தது. அதைச் சட்டியில் வைத்துக் காட்டச் சொல்லி, துண்டு ஒன்றும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டேன். என் வயிற்றை நானே அமுக்கிப் பார்த்தேன். கருப்பை இறுகி உருண்டையாக இருந்தது, இரத்தப்போக்கும் அளவாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் தலையணையில் சாய்ந்தேன்.

நிறுவை கூடத்திலேயே இருந்தது, பிள்ளைகளைத் துணித்தொட்டிலில் போட்டுத் தொங்கவிடுகிற தராசு. பதினான்கு பேரும் சுற்றி நின்று முள்ளைப் பார்த்தார்கள். இரண்டு கிலோ எண்ணூறு. ஏதோ அவர்களே சேர்ந்து வளர்த்த நிறை மாதிரி ஒருத்தருக்கொருத்தர் தலையாட்டிக்கொண்டார்கள்.

ராத்தா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனியை அள்ளிப் போட்டிருந்தார். குடித்து முடித்ததும் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "மிஸ்ஸி, எங்கட கார்ட்ட எழுதல்லயே?"

நியாயம்தானே? இரண்டு, மூன்று கட்டை நடந்து வந்தவர்கள். கட்டிலில் படுத்தபடியே அன்றைய கிளினிக்கை நடத்தினேன். ஒவ்வொருத்தியாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கத்தில் பிள்ளை பால் குடிக்க, மறு பக்கத்தில் பிரசர் பார்த்தேன். அக்கா நிறை பார்த்துச் சொல்ல, ஒருத்தி கார்ட்டில் எழுதினாள். ஆளுக்கு இரண்டு பக்கற் திரிபோஷா சத்துமாவும் கொடுத்தாயிற்று. கடைசியாகப் பால் வெட்டுகிற பெண் வந்தாள். அவள் வயிற்றில் குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். உள்ளே குதிரை ஓடுகிற மாதிரி ஓர் இதயம்.

"கேக்கிறியா?" என்று கேட்டு, அவளைக் குனிந்து ராத்தாவின் வயிற்றில் குழலை வைக்கச் சொன்னேன், தன் வயிற்றைத் தானே கேட்க முடியாதே. அவள் குழலில் காதை வைத்தாள். வெகுநேரம் எழும்பவில்லை.

"உள்ள யாரோ அவசரமா எங்கயோ போறாங்க மிஸ்ஸி," என்றாள்.

பின்னேரம் அவர்கள் ஒருவர் இருவராகப் பின்கதவால் போனார்கள். ராத்தா மட்டும் போகவில்லை, ஐந்து மணிக்கு அவர் வரும்வரை இருந்தார். அவர் என்றால் என் கணவர். பள்ளிக்கூடம் பூட்டிவிட்டதால் நாலந்தாவிலிருந்து நடந்தே வந்திருந்தார். வழியில் ஆமிக்காரர் மறிக்கிற சென்ட்ரி பொயின்ட் இரண்டு. மனைவிக்குப் பேறுமாதம் என்று இரண்டு இடத்திலும் சொன்னாராம். பதினெட்டுக் கட்டை நடந்த கால்கள் கொப்புளமாகியிருந்தன. வாசலில் ராத்தா அவரை மறித்தார்.

"கையக் கழுவிட்டு வாங்க மாஸ்டர். முழங்கை மட்டும். நகத்துக்குள்ளயும்."

ஒன்றும் விளங்காமல் கழுவிக்கொண்டு வந்தவரின் கையில் பிள்ளையை வைத்தார். அவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு அதைச் சுற்றியிருந்த துணியின் கரையைப் பார்த்தார்.

"இது என்ர வேட்டி," என்றார்.

அன்றைக்கு நடந்ததை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். செருப்பு வரை வந்ததும் சிரிப்பு வந்து வயிறு வலித்தது, நிறுத்திவிட்டேன். முழுக்கதையையும் சொல்லி முடிக்க மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்றாம் நாள்தான் ரோட்டில் வாகனம் ஓடியது. பகுதிக்குப் பொறுப்பான டாக்டர் ஜீப்பில் வந்து என்னையும் பிள்ளையையும் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். பிரசவம் பார்த்தது யார் என்று கேட்டு, எழுதப் பேனையைத் திறந்தார்.

"தலைப்பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, டொக்டர். ஐந்து மாதம்."

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

பேறுகால லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபின் வகுப்பை மறுபடி தொடங்கினேன். இழுக்க வேண்டிய இடத்தில் மூச்சை இழுக்கச் சொன்னேன், பேக்கைக் கட்டச் சொன்னேன். கத்தாதேங்கோ என்று மட்டும் அதற்குப் பிறகு எந்தத் தாயிடமும் நான் சொன்னதில்லை. அந்த இடம் வந்ததும் வாங்கிலிருந்து எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். நான் பேச்சை மாற்றுவேன்.

பால் வெட்டுகிற பெண் நாளுக்கு ஒரு கிழமை முன்பே, ஒழுங்காகக் கட்டிய பேக்கோடு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தாள். ஆண்பிள்ளை, சுகப்பிரசவம். அங்கே பிரசவ அறையில் இருந்த மிட்வைஃப் என்னோடு பயிற்சி எடுத்தவள். ஒரு மாதம் கழித்துச் சந்தித்தபோது முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"உங்க ஏரியாவிலருந்து ஒரு புள்ள வந்துச்சே, ரப்பர்த் தோட்டத்துப் புள்ள. வலியோட வலியா எங்களுக்கே வேலை சொல்லிக் குடுத்துச்சுடி. கைய முழங்கை மட்டும் கழுவினீங்களான்னு டாக்டரையே கேட்டுருச்சு. யாருடி அதுக்கு இவ்வளவு பேசக் கத்துக் குடுத்தது?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.